தண்ணி ஊற்றியது பிள்ளைகள், காய் போனது எங்கே?



நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கோபம் வந்தால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வீட்டுத்தோட்ட சீசன் மறுபடியும் தொடங்கிவிட்டது. பெனர் கட்டியாயிற்று. ஒரேயொரு கத்தரி நாற்றை ஏழு பெரிய மனிதர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இந்த வாரம் மட்டும் எங்கள் கண்ணில் நாலு தடவை பட்டுவிட்டது. பின்னால் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு விதைப் பக்கட். படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பக்கட் புத்தகப் பைக்குள் போகும். அங்கிருந்து வீட்டு அலுமாரி லாச்சிக்குப் போகும். அடுத்த வருடம் வீடு துப்புரவாக்கும்போது உம்மா எடுத்து வீசுவார்.

இது புதிய விசயமல்ல. 2007இல் "அப்பி வவமு ரட்ட நகமு" என்றார்கள். 2011இல் "வாழ்வின் எழுச்சி" என்று பத்து இலட்சம் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசினார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கோடு "சௌபாக்கியா" வந்தது. அதுவும் பத்து இலட்சம்தான். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தினார்கள். 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிரிடுவதற்கென்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் நம்மில் எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தோம் என்பது நமக்குத் தெரியும். பெற்றோல் கியூவில்தான் நின்றோம்.

இத்தனை திட்டங்களும் போன பிறகும் தம்புள்ளையிலிருந்து லொறி வராவிட்டால் நமது சந்தையில் ஒன்றும் இல்லை. 2024 தை மாதத்தில் கரட் கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியபோது நாம் என்ன செய்தோம்? கரட்டைப் படம் பிடித்துப் பகிடி போட்டோம்.

ஏன் ஒன்றும் நிலைக்கவில்லை? "நம்ம ஆக்கள் சோம்பேறிகள்" என்கிறார்கள் சிலர். "இது மணல், ஒன்றும் முளைக்காது" என்கிறார்கள் வேறு சிலர். நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. வகுப்பறையில் இத்தனை வருடங்கள் நின்ற அனுபவத்தில் எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. நாட்டில் தோட்டம் என்று எதைத் தொடங்கினாலும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம், காயைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறோம். தனக்குக் கிடைக்காத காய்க்கு ஒரு பிள்ளை எத்தனை நாளைக்குத் தண்ணி ஊற்றும்?

சும்மா சொல்லவில்லை. நாங்கள் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஒரு பாடசாலையைப் பேசிவிட்டு மற்ற எல்லோரும் தப்பித்துக்கொள்வோம்.

2022. மேலிடத்திலிருந்து பாடசாலைத் தோட்டம் போடச் சொல்லி வந்தது. வகுப்பறைக் கட்டிடத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பாத்திகள். ஏழாம், எட்டாம் தரப் பிள்ளைகள்தான் வெட்டினார்கள். செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடவேளை முழுக்க அதற்குத்தான் போனது. மாட்டெருவைச் சொப்பிங் பேக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்தார்கள். இரண்டு வாளி. கிணறு எண்பது யார் தூரம். முறை வைத்து ஊற்றினார்கள். சனி ஞாயிறும் வந்து ஊற்றிய பிள்ளைகள் இருந்தார்கள். ஏழாவது வாரம் வெண்டி காய்த்தது. நல்ல காய். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆயலாம்.

அப்போது ஏழாம் தரத்தில் ஒரு பிள்ளை. வாப்பா கடலுக்குப் போகிறவர். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையில் ஏறிக் கிடந்த காலம் அது. அந்தப் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்குப் போகும்போது ஏழு வெண்டிக்காயைக் கொப்பித் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தான். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அவனை முன்னால் கூப்பிட்டார்கள். அந்த ஏழு காயையும் உயர்த்திக் காட்டினார்கள். ஒலிவாங்கியில் "களவு" என்ற சொல் வந்தது. இரண்டு முறை வந்தது.

அவன் அழவில்லை. மெதுவாக ஒன்றுதான் சொன்னான்: "உம்மாக்கு ஆணம் வைக்கக் கொண்டு போனன் சேர். தண்ணி ஊத்தினதும் நான்தானே."

நாங்கள் ஆசிரியர் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. நாங்களும்தான்.

அதே வாரம் அறுவடைப் படம் எடுத்தோம். தட்டில் அடுக்கி, பெனருக்கு முன்னால். பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பை போனது. மிச்சத்தை ஓய்வறையில் வைத்து, அபிவிருத்தி நிதிக்கு ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொண்டோம். நாங்களும் ஒரு பை எடுத்தோம். அன்றிரவு எங்கள் வீட்டிலும் வெண்டிக்காய் ஆணம்தான்.

இரண்டு கிழமையில் தோட்டம் காய்ந்தது. ஒரு பிள்ளையும் வாளியைத் தொடவில்லை. அறிக்கையில் என்ன எழுதப்பட்டது தெரியுமா? "மாணவர்களின் ஆர்வக் குறைவு."

நமது வட்டைகளில் கூட இப்படி நடப்பதில்லை. போடியார் எவ்வளவு பொல்லாதவராக இருந்தாலும் முல்லைக்காரனின் நெல்லைக் களத்தில் வைத்தே அளந்து கொடுத்துவிடுவார். வெட்டிய வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க வரும் பிள்ளைகளை யாரும் கள்ளன் என்று விரட்டியதாக நாம் சின்ன வயதில் கேள்விப்பட்டதில்லை. படித்த நாம், பாடசாலைக்குள், அதைச் செய்தோம்.

மார்க்கம் பேசாமல் நம்மிடம் ஒன்றும் எடுபடாது என்பதால் அதையும் பேசுவோம். மரநடுகை வாரம் வந்தால் எல்லா மிம்பரிலும் ஒரே ஹதீஸ்தான். ஒரு முஸ்லிம் நட்டதையோ விதைத்ததையோ மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவருக்கு சதகா என்ற கருத்தில் வருவது. புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சரி. ஆனால் அல்கலம் சூராவில் ஒரு தோட்டக்காரர்களின் கதை வருகிறதே, அதை ஏன் அந்த வாரத்தில் யாரும் சொல்வதில்லை? விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் காய் பறித்துவிட வேண்டும், ஏழைகள் எவரும் அன்று உள்ளே வந்துவிடக் கூடாது என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் இரவோடிரவாக அழிந்து கிடந்தது. நடுவதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் நோகாது. பறித்த பிறகு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால்தான் நோகும். விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடச் சொல்வதும் அதே குர்ஆன்தான். அறுவடை நாளில் நாம் கொடுத்தது போஸ்.

(இதற்கிடையில் ஒரு விசயம். பள்ளிவாசல் முற்றங்களுக்கெல்லாம் கல் பதித்து முடித்துவிட்டோம். ஐந்து நேரமும் வுழூச் செய்யும் தண்ணி நேரே கானுக்குள் ஓடுகிறது. அந்தத் தண்ணி ஓடும் வழியில் நாலு வாழை, ஒரு முருங்கை வைத்தால் நிர்வாக சபைக்கு என்ன குறைந்துவிடும்?)

பாடசாலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. வீட்டிலும் நாம் இதையேதான் செய்கிறோம். பிள்ளை ஆசைப்பட்டு ஒரு யோகட் கோப்பையில் கொச்சிக்காய் விதை போடுகிறது. முளைத்ததும் "உனக்குத் தெரியாது, தா" என்று வாங்கி நாம் நடுகிறோம். பூத்ததும் "தொடாத, கொட்டிடும்" என்கிறோம். காய்த்ததும் படம் எடுத்துக் கட்டாரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறோம். முதல் காயை யார் பறிப்பது என்று பிள்ளையிடம் கேட்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்றும் கேட்பதில்லை. பிறகு, "இந்தக் காலத்துப் புள்ளைகள் போனை விட்டு எழும்புதுகள் இல்ல" என்று புலம்புகிறோம். எழும்பி வந்த பிள்ளையின் கையிலிருந்து கோப்பையைப் பறித்தது நாம்.

இங்கே சிலர் மறுத்துப் பேசுவார்கள். பேசட்டும்.

"ஆறு பேர்ச் காணி. வீடு கட்டினால் மதில். எங்க நடுற?" நியாயமான கேள்விதான். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வளவு என்ற சொல்லே பிள்ளைகளுக்குப் புரியாத அளவுக்கு நெருக்கமாகிவிட்டது. சுனாமி வீடுகளில் மூன்றாம் மாடியில் இருப்பவரிடம் போய்ப் பாத்தி வெட்டச் சொல்ல எங்களுக்கு விசரில்லை. ஆனால் இருக்கிற முற்றத்துக்கும் இன்டர்லொக் கல் பதித்தது யார்? கார் இல்லாத வீட்டிலும் கார் நிறுத்த இடம் விட்டுக் கல் பதிக்கிறோம். முற்றம் இல்லாதவருக்கு உரபேக் இருக்கிறது, பெயின்ட் வாளி இருக்கிறது. ஒரு பேக்கில் ஒரு கத்தரி. நாலு பேக் வைத்தால் ஒரு சிறு குடும்பத்துக்குக் கிழமைக்கு ஒரு தடவை கறிக்குக் காணும். வாளிக்கு அடியில் துளை போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணி தேங்கி நுளம்பு வளரும், பீ.எச்.ஐ. வந்து வழக்குப் போடுவார். அவர் செய்வது சரி.

"இது கடற்கரை மணல், தண்ணி நிக்காது." நிற்க வைக்க வேண்டும். தேங்காய் தின்னாத வீடு நம்மில் உண்டா? பொச்சு மட்டையைக் கவிழ்க்காமல் குழிக்குள் அடுக்கி, மேலே எருவும் மண்ணும் போட்டால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலும் ஈரம் நிற்கும். மீன் கழுவிய தண்ணி, அரிசி களைந்த தண்ணி, மீன் செதிள், குடல் எல்லாம் தினமும் நமது வீட்டில் வீணாகப் போகிறது. ஆழமாகப் புதைத்தால் பூனை தோண்டாது. நமது உம்மம்மாமார் இதே மணலில்தான் முருங்கையும் அகத்தியும் புடோலும் வைத்தார்கள். அவர்களுக்கு எந்த அமைச்சும் விதைப் பக்கட் கொடுக்கவில்லை. நல்ல காயொன்றை முற்ற விட்டு, காய வைத்து, சாம்பல் பிரட்டி, அடுப்படிக் கூரையில் கட்டினார்கள். வருடம் போனால் அதே விதை.

"புள்ளைக்குப் புலமைப்பரிசில். கிளாஸ் இருக்கு." இதுதான் பெரிய மறுப்பு. இதற்குத்தான் எங்களுக்கும் கோபம் அதிகம் வருகிறது. பத்து வயதுப் பிள்ளையைச் சுபஹுக்குப் பிறகு ஒரு வகுப்பு, பாடசாலை விட்டு ஒரு வகுப்பு, மஃரிபுக்குப் பிறகு இன்னொன்று என்று ஓட்டுகிறோம். வினாத்தாளில் "விதை முளைக்கத் தேவையானவை எவை?" என்று வந்தால் நீர், வளி, பொருத்தமான வெப்பநிலை என்று மூன்றையும் எழுதுகிறது. விதையைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேலே என்று கேட்கிறது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடத்தை வைத்துவிட்டு அதைக் கரும்பலகையில் முடிக்கிற நாம்தான் இதற்குப் பொறுப்பு. ஒரு செடிக்குத் தண்ணி ஊற்ற ஐந்து நிமிசம் போதும். அந்த ஐந்து நிமிசத்தால் எந்தப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி தவறியதில்லை.

இன்னொரு மறுப்பை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களாகவே யோசித்தோம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து கீரைக்கட்டைக் கடகத்தில் சுமந்துகொண்டு நமது தெருக்களுக்கு வரும் அக்காமார் இருக்கிறார்களே, எல்லா வீட்டிலும் கீரை முளைத்தால் அவர்கள் என்ன செய்வது? நேர்மையாகச் சொன்னால் முழுமையான பதில் எங்களிடம் இல்லை. ஆனால் நாங்கள் கண்டது இது: தான் நட்ட முளைக்கீரையைச் சுண்டித் தின்று பழகிய பிள்ளை, வல்லாரையும் பொன்னாங்காணியும் வந்தால் வாங்கச் சொல்கிறது. கீரை தின்னாத பிள்ளையின் வீட்டு வாசலில்தான் அந்த அக்கா நிற்காமல் போகிறார். எங்கள் வீட்டுப் பிள்ளை அவரிடமிருந்து தூதுவளைக் கன்று கேட்டு வாங்கியது. காசு வேண்டாமென்றுவிட்டார். பதிலுக்கு நாலு பாகற்காய் கொடுத்தோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுத்தோட்டம் பசிக்கு மருந்தென்று நாங்கள் சொல்லவில்லை. 2022இல் பசித்திருந்தவனுக்கு விதைப் பக்கட்டைக் கொடுத்தது கொடுமை. வெண்டி காய்க்க ஆறேழு வாரம் வேண்டும். இன்று காலை வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு இன்றைக்கே சோறு வேண்டும். அதைக் கொடுப்பது அரசின் கடமை, ஊரின் கடமை, ஸகாத் கமிட்டிகளின் கடமை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பகலுணவு கொடுக்கிறார்கள். அது சோறும் கறியுமாக ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது தோட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. "நீங்களே நட்டுச் சாப்பிடுங்கள்" என்று கைகழுவுகிற எவரோடும் நாங்கள் ஒரே படத்தில் நிற்கமாட்டோம்.

இடமாற்றம் கிடைத்து வந்த பிறகு, இப்போது எங்களிடம் இருப்பது நாலாம் தரம். முப்பத்தொரு பிள்ளைகள். வகுப்புக்குப் பின்னால் மூன்று பாத்தியும் கொஞ்சம் உரபேக்கும். முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தோம். காய்ப்பது முழுக்க உங்களுடையது. யார் பார்க்க வந்தாலும் ஒரு காயும் போகாது. எங்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்பதையும் நீங்களே முடிவெடுங்கள்.

முதல் ஆய்ச்சலில் 130 வெண்டிக்காய். எண்ணியது அவர்கள். முப்பத்தொன்றால் பிரித்தால் ஆளுக்கு நாலு, மிச்சம் ஆறு. வகுத்தலில் மீதி வருவதை அந்த வகுப்புக்கு அதற்குப் பிறகு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

பிறகுதான் சண்டை. அன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. "வராதவனுக்கு ஏன்?" என்றது ஒரு கூட்டம். "அவன் சனிக்கிழமையும் வந்து ஊத்தினவன்" என்றது இன்னொரு கூட்டம். ஒரு பிள்ளை ஒரு நாளும் வாளி தூக்கியதே இல்லை, அவளுக்கும் நாலா என்று கேட்டார்கள். அவள், "எனக்கு இளைப்பு. நான் புல்லு புடுங்கினன்" என்றாள். உண்மைதான். எங்களுக்கே தெரியாது. சின்னக் காய் யாருக்கு, பெரிய காய் யாருக்கு என்று இன்னொரு சுற்று. ஒரு பாடவேளை முழுக்கப் போனது. நாங்கள் தலையிடவில்லை. கடைசியில் காய்ச்சல்காரனின் நாலை அடுத்த வீட்டுப் பிள்ளை கொண்டுபோனது. மிச்சம் ஆறும் பகலுணவு சமைக்கிற ராத்தாவுக்கு. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தனது நாலு காய்க்கும் என்ன நடந்தது என்று சொன்னது. ஒருவன் வீட்டில் ஏழு பேர், நாலு காயையும் சின்னச் சின்னதாக வெட்டிப் பொரித்து எல்லோருக்கும் வைத்தார்களாம். ஒருத்தி வாப்பும்மாவுக்கு மட்டும் கொடுத்தாளாம். ஒருவன் வழியிலேயே பச்சையாகத் தின்றுவிட்டான். அதுவும் அவன் உரிமைதான். அது வரை வெண்டிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவந்த பிள்ளைகள்தான் பாதிப் பேர்.

தண்ணி ஊற்ற இப்போது நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை.

இதைத்தான் கேட்கிறோம். அதிபர்மாரே, ஆசிரியர்களே, அடுத்த தடவை பாடசாலைத் தோட்டத்தில் காய் பறிக்கும்போது பிள்ளைகளின் பங்கைப் பிள்ளைகளின் கையில் அன்றைக்கே கொடுங்கள். விற்றுக் காசாக்குவதென்றால் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதைக் காலைக் கூட்டத்தில் அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களே, பை நீட்டினால் வாங்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை நட்ட செடியின் முதல் காயை நீங்கள் பறிக்காதீர்கள். முற்றிப் போனாலும் பரவாயில்லை. விதைக்காகும்.

அந்த ஏழு வெண்டிக்காய்ப் பிள்ளையைச் சில மாதங்களுக்கு முன் சந்தையில் கண்டோம். வளர்ந்துவிட்டான். சலாம் சொன்னோம். பதில் சொன்னான். நின்று பேசவில்லை. அன்று வரிசையில் நின்று நாங்கள் பேசாமல் இருந்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க இருந்தோம். சனத்துக்குள் போய்விட்டான். அவன் வீடு எங்களுக்குத் தெரியும். போவோம், இன்ஷா அல்லாஹ்.

ஒக்டோபர் கடைசியில் மழை பிடிக்கும். அதற்கு முன் நாற்று தயாராக வேண்டும். கத்தரியும் கொச்சிக்காயும் எங்கள் வீட்டில் யோகட் கோப்பைகளில் போட்டிருக்கிறோம். நாலு இலை விட்டுவிட்டது. வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். காசில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், நாற்றைப் பிள்ளையின் கையில்தான் கொடுப்போம். பெரியவர்கள் தனியாக வந்தால் பிளேன்டீ தருவோம், நாற்றுத் தரமாட்டோம்.